எட்டுப் பேர் போதும்: பழைய சண்டை கேம் பழக ஒரு வழிகாட்டி

போன ஓண விடுமுறைக்குப் பாறசாலையிலிருந்து அக்காவும் அவள் மகனும் களியக்காவிளைக்கு வந்திருந்தார்கள். நடுவில் இருப்பது சில கிலோமீட்டர்தான். எல்லைக்கோடு 1956-ல் வந்தது, எங்கள் சொந்தபந்தம் அதற்கு முன்பே இரண்டு பக்கமும் பரவிக் கிடந்தது. சாப்பிட்டு முடித்து, டிவியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற பழைய சண்டை கேமைப் போட்டு உட்கார்ந்தேன். பையன் பக்கத்தில் வந்து ஆள் தேர்ந்தெடுக்கும் திரையை எட்டிப் பார்த்தான்.

"மாமா, மொத்தமே எட்டு பேருதானா?"

"எட்டு போதும் மக்களே. உக்காரு."

அவன் ஆடிப் பழகியது டெக்கன் 8 என்ற புதுச் சண்டை கேம். 2024-ல் வெளிவந்த நாளிலேயே அதில் 32 பேர். அதற்கு முந்தைய வருடம் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் 18 பேர். அப்புறமும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவன் கண்ணுக்கு 1991-ன் எட்டுப் பேர் குறைவாகத்தான் தெரிவார்கள். ஆனால் அன்று விளக்கு வைப்பதற்குள் அந்த எட்டுப் பேரின் பெயரையும் குணத்தையும், யாருக்கு யார் ஆகாது என்பதையும் அவனே சொல்லிவிட்டான். டெக்கன் 8-ல் அப்படிச் சொல்லக்கூடிய ஆட்கள் அவனுக்கு மூன்று பேர்தான்.

பழைய சண்டை கேம்களை நான் இன்னும் விடாமல் ஆடுவதற்குக் காரணம் இதுதான். ஆட்கள் கொஞ்சம், ஆனால் ஒவ்வொருவரும் வேறொரு யோசனை. ஒருவரைத் தெரிந்துகொண்டால் சண்டையின் ஒரு பக்கம் புரியும், எட்டுப் பேரையும் தெரிந்துகொண்டால் ஆட்டம் முழுவதும் கைக்குள் வந்துவிடும். அன்று அவனுக்குச் சொன்னதையும் அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சேர்த்துச் சொன்னதையும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

எந்த கேம், எதில் ஆடுவது

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் தொடங்குங்கள். வேறு நல்ல கேம்கள் உண்டு, அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் பின்னால் வந்தவை எல்லாம் இதன் இலக்கணத்தில்தான் பேசுகின்றன. இதை முதலில் படித்துவிட்டால் மற்றவை சீக்கிரம் பிடிபடும்.

இதில் பல பதிப்புகள் இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். 1991-ல் வந்த முதல் பதிப்பு வேர்ல்ட் வாரியர். ஆட எட்டுப் பேர், கடைசியில் எதிர்த்து நிற்க நான்கு தலைவர்கள். இரண்டு பேர் ஆடும்போது இருவரும் ஒரே ஆளை எடுக்க முடியாது. 1992-ல் வந்த சாம்பியன் எடிஷனில் அந்த நான்கு பேரையும் நாமே ஆடலாம், ஒரே ஆளை இருவரும் எடுக்கலாம். அதே வருடம் வேகத்தைக் கூட்டி ஹைப்பர் ஃபைட்டிங் வந்தது. 1993-ல் சூப்பர், 1994-ல் சூப்பர் டர்போ. சூப்பர் டர்போவை இன்றும் உயிராக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் மாதத்தில் அதைத் தொடாதீர்கள். அதன் வேகத்தில் என்ன அடித்தது என்று பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

என் யோசனை: முதல் சாயங்காலம் வேர்ல்ட் வாரியர், மறுநாளிலிருந்து சாம்பியன் எடிஷன். இரண்டும், இவற்றோடு இன்னும் பத்து கேம்களும், 2018-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கின்றன. கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் என்று எதிலும் ஆடலாம். விலை குறையும் நாட்களில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போனின் தொடுதிரையில் மட்டும் பழக வேண்டாம். விரலுக்கு அடியில் பட்டன் இருக்கிறது என்ற உணர்வு இல்லாமல் இந்த ஆட்டம் கைக்கு வராது. சிலுவை வடிவத் திசைப் பட்டன் நன்றாக உள்ள ஒரு கன்ட்ரோலர் போதும். கீபோர்டும் சரிதான். ஆனால் ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடாதீர்கள், பல கீகளைச் சேர்ந்தாற்போல் அழுத்தும்போது சில கீபோர்டுகள் ஒன்றிரண்டை விழுங்கிவிடும். அடித்தும் அடி விழவில்லை என்ற சண்டை வீட்டுக்குள் வரும். டிவியில் ஆடினால் அதன் அமைப்புகளுக்குள் போய் 'கேம் மோடு' என்பதைப் போடுங்கள். படத்தை அழகாக்க டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அதில் மிச்சமாகும். அழுத்தியதும் அடி விழும்.

முதல் சாயங்காலம்: எட்டுப் பேரையும் ஒரு தடவை

ஜெயிப்பது தோற்பது பற்றி அன்று யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொருவரையும் எடுத்து ஒரு ஆட்டம். நடந்து பாருங்கள், குதித்துப் பாருங்கள், ஆறு பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று. லேசு, நடுத்தரம், பலம். லேசானது சீக்கிரம் போய்ச் சேரும், வலி குறைவு. பலமானது எட்டும் தூரம் கூடுதல், தவறிவிட்டால் நீங்கள் திறந்து நிற்பீர்கள்.

நான் பழகியது தொண்ணூறுகளில், களியக்காவிளை சந்தைப் பக்கம் இருந்த ஒரு வீடியோ கேம் கடையில். காசு போட்டு ஆடும் மரப்பெட்டி மெஷின் ஒன்று. பாறசாலை, இஞ்சிவிளைப் பக்கத்துப் பையன்கள் மலையாளம் பேசுவார்கள், நாங்கள் தமிழ். திரையில் இருந்தது ஆங்கிலம். ஆனாலும் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை, ஏனென்றால் அந்த எட்டுப் பேரையும் நிழலில் நிறுத்தினாலும் அடையாளம் தெரியும். நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். சாங்கீஃப் பயில்வான். கைல் பட்டாளக்காரன். சுன்-லி ரெட்டைக் கொண்டை. பிளாங்கா பச்சைப் பூதம். தால்சிம் சாமியார்.

ரியூவும் கென்னும் முதல் பதிப்பில் ஏறக்குறைய ஒரே அச்சு. தூரத்தில் நின்றால் கையிலிருந்து நெருப்புப் பந்து, யாராவது மேலே குதித்து வந்தால் தாடைக்குக் கீழே ஒரு பாய்ச்சல் குத்து. ஆட்டத்தின் அளவுகோல் இவர்கள். மற்ற ஆறு பேரையும் "ரியூவை விட இவனுக்கு என்ன கூடுதல், என்ன குறைவு" என்று பார்த்தால் சீக்கிரம் விளங்கும். பின்னால் வந்த பதிப்புகளில்தான் இருவரும் மெல்ல மெல்லப் பிரிந்து போனார்கள்.

கைலிடம் இருக்கும் விசேஷ அடிகள் இரண்டே இரண்டு. பின்பக்கம் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து முன்னால் தள்ளிக் குத்தினால் காற்றை அறுத்துக்கொண்டு ஒரு வளையம் போகும். கீழே அழுத்திப் பிடித்து மேலே தள்ளி உதைத்தால் பின்பல்டி உதை. இரண்டும் வேண்டுமென்றால் கீழ்-பின் மூலையைப் பிடித்துக் குனிந்தே இருக்க வேண்டும். அதாவது, மணல் மூட்டைக்குப் பின்னால் காத்திருக்கிற பட்டாளக்காரனைப் போல அவனை ஆடியே ஆக வேண்டும். குணத்தைக் கதையில் எழுதாமல் கையசைவில் எழுதியிருக்கிறார்கள். முதன்முதலாக இது எனக்கு உறைத்த நாளில் வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயில்வான் சாங்கீஃப் அதற்கு நேர் எதிர். தூரத்திலிருந்து எறிய அவனிடம் எதுவும் இல்லை. நடை மெதுவு. ஆனால் பக்கத்தில் வந்து திசைப் பட்டனை ஒரு முழுச் சுற்று சுற்றிக் குத்தை அழுத்தினால், ஆளைத் தூக்கிக்கொண்டு சுழன்று வந்து தலைகீழாகத் தரையில் இறக்குவான். உயிர்க்கோட்டில் பெரிய துண்டு காணாமல் போகும். அவனை ஆடும்போது ஒவ்வொரு அடி நெருக்கமும் சம்பாதித்தது. எதிரே ஆடுகிறவருக்கு ஒவ்வொரு அடியும் பயம். ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் வேறு வேறு விதமாக உணர வைக்கிறான்.

தால்சிம் நம் நாட்டுக்காரன். கேமைச் செய்தவர்கள் ஜப்பானின் ஒசாகாவில் உட்கார்ந்து கற்பனை செய்த இந்தியா அது. கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயிலிருந்து நெருப்பு, பின்னணியில் வரிசையாக யானைகள். அப்படி ஒரு சாமியாரை நாங்கள் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. ஆனாலும் உலகமே ஆடிய கேமில் நம்மூர் ஆள் ஒருவன் இருக்கிறான் என்பது அந்த வயதில் பெரிய விஷயம். தன் கிராமத்துக்குப் பணம் சேர்க்கச் சண்டைக்கு வந்தவன் என்பது அவன் கதை. கையும் காலும் திரையின் பாதிவரை நீளும். ஆனால் நீட்டிய கையிலும் அடி விழும், இழுத்துக்கொள்ள நேரமாகும். தூரம் என்றால் என்ன என்பதை இவனைப் போல யாரும் கற்றுத் தருவதில்லை. தொடக்கத்தில் கஷ்டம், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

ஹோண்டா, பிளாங்கா, சுன்-லி மூவருக்கும் புதியவர்களுக்கு உதவுகிற ஒரு வசதி உண்டு: ஒரே பட்டனை விடாமல் தட்டினாலே விசேஷ அடி வந்துவிடும். ஹோண்டாவுக்குக் குத்தைத் தட்டினால் நூறு கை, பிளாங்காவுக்கு உடம்பெல்லாம் மின்சாரம், சுன்-லிக்கு உதையைத் தட்டினால் மழை போலக் கால். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த மூவரில் ஒருவரைக் கொடுங்கள். சுன்-லியின் நடை வேகமும் குதிக்கும் உயரமும் வேறு. ஜெயித்ததும் அவள் துள்ளிச் சிரிப்பதைப் பார்ப்பதற்காகவே எங்கள் கடையில் சிலர் அவளை எடுப்பார்கள்.

நான்கு தலைவர்களின் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது, பழைய வீடியோக்கள் பார்க்கும்போது உதவும் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் குத்துச்சண்டைக்காரனின் பெயர் எம். பைசன். மைக் டைசனை நினைவூட்டி வழக்கு வந்துவிடுமோ என்று வெளிநாட்டுப் பதிப்புகளில் பெயர்களைச் சுற்றி மாற்றினார்கள். குத்துச்சண்டைக்காரன் பால்ராக் ஆனான், நகம் கட்டிய ஸ்பானியன் வேகா ஆனான், சிவப்புச் சட்டை சர்வாதிகாரி எம். பைசன் ஆனான். சகாட் மட்டும் எங்கும் சகாட்தான்.

அடிக்கும் முன் கால்

குமரி மாவட்டத்தில் அடிமுறை என்ற பழைய சண்டைக் கலையைச் சொல்லிக் கொடுக்கும் ஆசான்கள் இன்றும் இருக்கிறார்கள். களரிக்குப் போன என் வயதுக்காரர்களைக் கேட்டால், முதலில் கற்றது சுவடு என்றுதான் சொல்வார்கள். காலை எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது. கை வீசுவது அதற்கப்புறம். இந்த ஆட்டத்துக்கும் அதுதான் சரியான வரிசை.

இரண்டாம் நாள் முழுவதும் நடக்க மட்டும் செய்யுங்கள். உங்கள் ஆளின் நீளமான உதை எங்கே முடிகிறது என்று பாருங்கள். எதிராளியின் நீளமான உதை எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். அவன் கால் உங்களைத் தொடாத இடத்துக்கு அரை அடி வெளியே நின்று பழகுங்கள். அவன் உதைத்துத் தவறும்போது உள்ளே நடந்து ஒரு உதை கொடுத்துவிட்டுப் பின்வாங்குங்கள். பெரிய ஆட்டக்காரர்கள் செய்வதும் இதைத்தான், இன்னும் நுணுக்கமாக.

குதிப்பதில் கவனம் வேண்டும். இந்த கேமில் மேலே எழும்பிய பிறகு திசையை மாற்ற முடியாது. எங்கே இறங்கப் போகிறீர்கள் என்பது எதிராளிக்குத் தெரியும். புதியவர்கள் தோற்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை குதித்துக் குதித்தே தோற்றவை. ஒரு முழு நாள் குதிக்காமல் ஆடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தடுக்கப் பின்பக்கம் அழுத்தினால் போதும். நின்று தடுத்தால் காலுக்கு வரும் அடி விழும், அதனால் குனிந்து தடுக்க வேண்டும். மேலிருந்து குதித்து அடிப்பவரை நின்றுதான் தடுக்க வேண்டும். வழக்கமாகக் குனிந்தே தடுங்கள், ஆள் மேலே எழும்புவது தெரிந்தால் எழுந்து தடுங்கள். முதல் வாரத்துக்கு இது போதும். நெருப்புப் பந்து போன்ற விசேஷ அடிகளைத் தடுத்தாலும் துளி உயிர் குறையும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பிடித்து எறிவது கள்ளக்களி இல்லை

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கடையில் ஒரு சட்டம் இருந்தது: ஆளைப் பிடித்து எறிந்தால் கள்ளக்களி, அதாவது ஏமாற்று ஆட்டம். எறிந்தவன் இடத்தைவிட்டு எழுந்துவிட வேண்டும். கடைக்காரரும் அதற்கு ஒத்துக்கொண்டார். அதனால் என்ன ஆயிற்று? எல்லோரும் மூலையில் குனிந்து தடுத்துக்கொண்டே இருந்தார்கள். தடுப்பவரைத் திறக்க வழியே இல்லை. 99 எண்ணி முடிக்கும்வரை இரண்டு பேரும் குந்தி இருந்த ஆட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். பல மாதம் அப்படியே போனது.

ஒருநாள் பாறசாலையிலிருந்து காலேஜ் படிக்கிற ஒரு சேட்டன் வந்தார். பயில்வானை எடுத்தார். எதிரே இருந்தவனைத் தூக்கிச் சுழற்றித் தரையில் இறக்கினார். கடை முழுவதும் கத்தியது. அவர் ஸ்டிக்கை விடாமல் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "பயில்வான் பிடிக்காதெ பின்னெ எந்து செய்யும்?" பிடிக்காமல் பயில்வான் வேறென்ன செய்வான் என்று.

யாரிடமும் பதில் இல்லை. சட்டம் அன்றோடு போனது.

அவர் கேட்டதில் ஆட்டத்தின் கணக்கே இருக்கிறது. அடியைத் தடுப்பு நிறுத்தும். தடுப்பைப் பிடி உடைக்கும். பிடிக்க வருகிறவனை அடி நிறுத்தும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் செத்துவிடும், எட்டுப் பேரில் ஒருவனுக்கு வேலையே இல்லாமல் போகும். பிடிக்க வேண்டுமென்றால் ஒட்டி நின்று, திசைப் பட்டனை முன்னாலோ பின்னாலோ பிடித்து நடுத்தர அல்லது பலமான குத்தை அழுத்துங்கள். ஒருவன் தடுத்துக்கொண்டே இருந்தால் நடந்து போய்ப் பிடியுங்கள். உங்களைப் பிடித்தால் கோபப்படாதீர்கள், அவன் நடந்து வரும்போதே காலைத் தட்டியிருக்கலாம்.

கை பழகுவது

நெருப்புப் பந்துக்கு: கீழ், கீழ்-முன், முன், குத்து. கட்டைவிரலை எடுக்காமல் உருட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் குத்தைச் சீக்கிரம் அழுத்திவிடுவார்கள். விரல் முன்பக்கத்தைத் தொட்ட பிறகு அழுத்துங்கள். முதலில் மெதுவாக, சரியாக வருகிற வேகத்தில் செய்யுங்கள், வேகம் தானாக வரும். இடப்பக்கம் நின்று பத்து, வலப்பக்கம் நின்று பத்து.

இரண்டு பக்கமும் பழகச் சொல்வது பட்டறிவில். கடை மெஷினில் வலப்பக்க ஸ்டிக் கீழ்-முன் மூலைக்குச் சரியாகப் போகாது. பழுது பார்க்காமல் ஒரு வருடம் ஓட்டினார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் இடப்பக்கத்துக்கு அடித்துக்கொண்டோம், வலப்பக்கம் நின்று நெருப்புப் பந்து போட எனக்குப் பல வருடம் வரவில்லை. உங்களுக்கு அந்தக் குறை வேண்டாம்.

பாய்ச்சல் குத்துக்கு: முன், கீழ், கீழ்-முன், குத்து. "முன்னால் நட, குனி, மூலை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே செய்தால் பழகும். வராவிட்டால் பரவாயில்லை, குதித்து வருகிறவனைக் குனிந்து பலமான குத்தால் தட்டினாலும் வேலை நடக்கும்.

ஒருவருடைய பந்து ஒரு நேரத்தில் திரையில் ஒன்றுதான் இருக்கும். லேசான குத்தில் போட்டால் மெதுவாகப் போகும், பலமான குத்தில் வேகமாகப் போகும். மெதுவானதைப் போட்டு அதன் பின்னாலேயே நடந்து போவது அழகான வேலை. எதிராளி பந்தைப் பார்ப்பானா, உங்களைப் பார்ப்பானா? எரிச்சலில் குதிப்பான். குதித்தால் பாய்ச்சல் குத்து. ரியூவின் முழு ஆட்டமும் இந்த இரண்டு வரிதான், முப்பது வருடம் ஆன பிறகும் சலிக்கவில்லை.

காம்போ என்று எல்லோரும் பேசும் தொடர் அடிகளுக்கு அவசரம் இல்லை. அது திட்டமிட்டு வந்ததே கிடையாது. காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சரிபார்க்கும்போது, ஒரு அடி முடிவதற்குள் இன்னொன்று சேர்ந்து விழுவதைத் தயாரிப்பாளர் நோரிடகா ஃபுனமிஸு கவனித்தார். பிழைதான், ஆனால் அதை எடுக்காமல் விட்டார்கள். பிறகு வந்த சண்டை கேம்கள் பெரும்பாலும் அதன்மேல் எழுந்தன. முதல் மாதத்துக்கு ஒன்று போதும்: ரியூவாகக் குதித்து பலமான உதை, இறங்கியதும் குனிந்து நடுத்தர உதை, உடனே நெருப்புப் பந்து.

ஒரு மாதம், ஒரே ஆள்

முதல் சாயங்காலத்தில் யார் கைக்கு இணக்கமாக இருந்தாரோ அவரையே எடுங்கள். வலிமையானவர் யார் என்று பட்டியல்கள் கிடைக்கும், இப்போது அவற்றைப் பார்க்க வேண்டாம். அவை பல வருடம் ஆடியவர்களின் கையில் அந்த ஆள் எப்படி இருப்பான் என்பதைச் சொல்கின்றன. முடிவு செய்ய முடியவில்லையா, ரியூ. ஒரு மாதம் ஆளை மாற்றாதீர்கள். தோற்றதும் ஆளை மாற்றுகிறவர் எட்டுப் பேரையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவராகவே நின்றுவிடுவார்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எதிராளிக்கு ஒரு பக்கம். பிளாங்கா பக்கத்தில் "உருண்டு வருவதைத் தடுத்தால் பின்னால் துள்ளிப் போகிறான், உடனே நடந்து போ" என்று எழுதலாம். ஹோண்டா பக்கத்தில் "நூறு கைக்குள் நுழையாதே, தள்ளி நின்று பந்து" என்று எழுதலாம். இப்படித்தான் ஒரே ஆளை ஆடிக்கொண்டே மற்றவர்கள் அத்தனை பேரையும் கற்றுக்கொள்வது. அக்கா மகன் முதல் ஞாயிறு இதைப் படிப்பு வேலை மாதிரி இருக்கிறது என்றான். மூன்றாவது ஞாயிறு நோட்டை மறந்து வந்ததற்காகத் திரும்பப் போய் எடுத்து வந்தான்.

கம்ப்யூட்டரை எதிர்த்து ரொம்ப நேரம் பழக வேண்டாம். காசு போடவைக்கச் செய்த மெஷின் அது, நமக்கு உள்ள விதி அதற்கு இல்லை. கம்ப்யூட்டர் ஆடும் கைல் பின்பக்கம் பிடித்துக் காத்திருக்காமலே, நடந்துகொண்டே வளையத்தை எறிவான். அவனிடம் கற்றது மனிதரிடம் உதவாது. கடினத்தைக் குறைத்து வைத்துக் கை பழக மட்டும் பயன்படுத்துங்கள். ஆட்டம் ஒரு மனிதரோடுதான். அண்ணன், தங்கை, பக்கத்து வீடு, யாராக இருந்தாலும் சரி. இணையத்தில் ஆடினால் வைஃபையை விட்டுக் கேபிளைச் செருகுங்கள்.

அடுத்த வாசல்கள்

மூன்று மாதம் கழித்து வேறு கேம்களுக்குப் போகலாம். அங்கேயும் ஆட்களைத்தான் முதலில் பாருங்கள்.

எனக்கு அடுத்தது என்றால் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ். எஸ்என்கே நிறுவனம் 1994-ல் தன்னுடைய வெவ்வேறு கேம்களின் நாயகர்களை ஒரே களத்தில் கூட்டி வந்தது. மூன்று மூன்று பேராக எட்டு அணி, 24 பேர். எண்ணிக்கையைக் கேட்டு என் பேச்சை நானே மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அணி என்ற ஏற்பாடு இருப்பதால் தனித்தனி ஆளாக மனதில் நிற்காமல் குடும்பமாக நிற்கிறார்கள். டேக்வாண்டோ ஆசான் கிம், தன் பின்னால் சாங், சோய் என்ற இரண்டு குற்றவாளிகளைத் திருத்தக் கூட்டிக்கொண்டு திரிகிறார். ஒருவன் இரும்புக் குண்டும் சங்கிலியுமாக மலை போல, இன்னொருவன் கை நகத்தோடு குள்ளமாக. கதை வசனம் ஒன்றுமே படிக்காமல் அந்த மூவரையும் பார்த்தாலே புரிகிறது. கியோவும் இயோரியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே வருடம் வருடமாக வருவார்கள். பழக 1998-ஆம் வருடப் பதிப்பை எடுங்கள். கதையை ஓரம் வைத்துவிட்டு, முன்பு வந்தவர்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டிய பதிப்பு அது. நான்கே பட்டன். மேல் திசையை லேசாகத் தொட்டுவிட்டால் குட்டிக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி என்ற வேறுபாட்டை முதல் நாளே பழகிவிடுங்கள், அதுதான் அந்த ஆட்டத்தின் உயிர்.

மோர்ட்டல் காம்பாட் 1992-ல் வந்தபோது ஏழே பேர். நிஜ நடிகர்களைப் படம் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஸ்கார்பியன், சப்-ஜீரோ, ஒளிந்திருக்கும் ரெப்டைல் மூவரும் ஒரே நடிகர், ஒரே உடை, நிறம் மட்டும் வேறு. மெமரியை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை, ஆனால் மஞ்சள் ஸ்கார்பியனும் நீல சப்-ஜீரோவும் பகையாளிகளாக இன்றுவரை நிற்கிறார்கள். தடுப்பதற்குத் தனிப் பட்டன் உண்டு என்பதை மறக்காதீர்கள். ரத்தம் அதிகம். அமெரிக்காவில் கேம்களுக்கு வயது முத்திரை போடும் ஏற்பாடு 1994-ல் வந்ததற்கு இந்த கேம் ஒரு முக்கியக் காரணம், சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம்.

டெக்கன் 3-க்கு அறிமுகம் தேவையில்லை, எல்லையின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு ஆடியது. பிளேஸ்டேஷனில் பத்துப் பேரோடு தொடங்கும், ஆடி முடிக்க முடிக்க மற்றவர்கள் திறப்பார்கள். இரண்டு கைக்கு இரண்டு பட்டன், இரண்டு காலுக்கு இரண்டு பட்டன் என்பதால் உடம்போடு ஒட்டிய ஆட்டம். எடி என்ற ஆளை எடுத்து உதையைத் தட்டிக்கொண்டே இருந்தால் யாரையாவது ஜெயிக்கலாம், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். ஜாகுவார் முகமூடி போட்ட கிங்கின் ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்குப் போகும் தொடரைப் பழகுங்கள். மொகுஜின் என்ற மரப்பொம்மை ஒவ்வொரு சுற்றிலும் வேறொருவருடைய முறையை எடுத்துக்கொள்வான். மற்ற எல்லோரையும் அறிந்தவர்தான் அவனை ஆட முடியும்.

அக்கா மகன் இப்போது ஆடுவது பயில்வானைத்தான். முழுச் சுற்று சுற்றும்போது மேல்பக்கமும் தொடுவதால் ஆள் குதித்துவிடுவான். அதற்கு வழி, குதித்து இறங்கும் நேரத்திலேயே சுற்றத் தொடங்கி, கால் தரையைத் தொட்டதும் குத்தை அழுத்துவது. போன வாரம் அவனுக்கு அது வந்துவிட்டது. நோட்டில் பதினொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. சகாட்டின் பக்கம் மட்டும் காலி. மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் பந்து எறியும் அந்த உயரமான ஆளை, மெதுவாக நடக்கிற பயில்வான் எப்படி நெருங்குவது? ஞாயிறு சாயங்காலம் பாறசாலை பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம்.